மூன்றாவது விரல்

அப்பாவின் இடது காலில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டும் என்று பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் சொன்னபோது, அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்த ரெண்டு?" என்பதுதான். சுண்டு விரலும் அதற்கு அடுத்ததும் என்றார் டாக்டரம்மா. அப்பா போர்வையை விலக்கித் தன் காலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அது ரெண்டும் பெருசா ஒரு வேலையும் செஞ்சதில்ல" என்றார். சம்மதித்துவிட்டார் என்று நானும் என் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். டாக்டரம்மா கையெழுத்துப் போட வேண்டிய காகிதத்தை நீட்டினார். அப்பா போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, "நாளைக்குச் சொல்றேன்" என்றார்.

சோளம் அறுத்த கொல்லையில் நடந்தபோது கட்டை குத்திய புண் அது. பதினைந்து வருஷச் சர்க்கரை. குத்தியதே அவருக்குத் தெரியவில்லை. ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். வலிக்காத புண் நல்ல புண் என்று நினைத்து, மஞ்சளை அரைத்து வைத்துக் கட்டிக்கொண்டு வேலையைப் பார்த்திருக்கிறார். ஊருக்குப் போன என் மனைவிக்கு வாசலிலேயே வாடை தெரிந்தது. அன்றைக்கே வண்டி பிடித்து பெரம்பலூருக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். அம்மா போய்ப் பல வருஷங்கள் ஆகிவிட்டதால் அவர் தனியாகத்தான் இருக்கிறார். தனியாக இருப்பவரின் காலை வேறு யாரும் பார்ப்பதில்லை.

"நாளைக்குள்ள எடுத்தா ரெண்டோட போயிடும். தள்ளிப்போட்டா மேல ஏறும். அப்புறம் பாதம்கூடப் போவலாம். எங்களைக் கேக்காதீங்க" என்று டாக்டரம்மா என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். சின்ன வயசு. கோபப்படாமல் சொன்னார். கோபப்பட்டிருந்தால் எனக்குப் பதில் சொல்ல ஏதாவது கிடைத்திருக்கும்.

நான் அரியலூரில் ஒரு சிமென்ட் ஆலையில் டைம் ஆபீஸில் இருக்கிறேன். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், எத்தனை மணிக்கு வெளியே போனார்கள் என்று பார்ப்பது என் வேலை. இருபத்திரண்டு வருஷமாக, தாமதமாக வந்தவர்கள் சொல்லும் காரணங்களைக் கேட்டுவருவதால் எந்தக் காரணத்தையும் நான் லேசில் நம்புவதில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் காலை ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டேன். மதியம் இரண்டு மணிக்கு வெளியே வந்து, பெரம்பலூர் பஸ்ஸில் ஏறி, சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னாலேயே ஊர்ந்து மூன்றரை மணிக்குப் போய்ச் சேருவேன். அதுவரை என் மனைவி பார்த்துக்கொள்வாள். இரண்டாம் நாள் நான் போனபோதும் அப்பா, "நாளைக்குச் சொல்றேன்" என்றுதான் சொன்னார். அவர் சொல்லும் நாளையெல்லாம் அந்தக் காலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்துக்கொண்டிருந்தது.

எங்கள் பக்கத்தில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் போய்ப் பார்த்தாக வேண்டும். பார்க்கவில்லை என்றால் அவர் எழுந்து வந்து பத்து வருஷம் அதைச் சொல்லிக்காட்டுவார். போகும்போது ரொட்டி வாங்கிப் போக வேண்டும். நோயாளிக்கு ரொட்டி என்று யார் முடிவுசெய்தார்களோ தெரியவில்லை. வயிற்றுப்போக்குக்கும் ரொட்டிதான், கால் முறிவுக்கும் ரொட்டிதான், சர்க்கரைக்கும் ரொட்டிதான். முதல் இரண்டு நாளில் அப்பாவின் கட்டிலுக்கு அடியில் ஒரு பேக்கரி திறக்கும் அளவுக்குச் சேர்ந்துவிட்டது. பக்கத்துக் கட்டிலில் ஒரு லாரி டிரைவர் இருந்தார். முழங்காலுக்குக் கீழே முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருந்தது. கொசுவுக்குப் பயந்து பகலிலும் தலையோடு போர்த்திக்கொண்டு தூங்குவார். எழும்போது பசியோடு எழுவார். ரொட்டியைத் தீர்க்க அவர்தான் உதவினார்.

வருகிறவர்கள் அப்பாவிடம் எதையும் கேட்க மாட்டார்கள். அவர் தலைக்கு மேலாக என்னைப் பார்த்து, "இப்ப எப்படி இருக்காரு?" என்பார்கள். அப்பாவும் நான் என்ன சொல்லப்போகிறேன் என்று ஆவலோடு பார்ப்பார். பிறகு வந்தவர், தன் சகலையின் காலில் முதலில் விரல், பிறகு பாதம், பிறகு முழங்கால் என்று எப்படியெல்லாம் போனது என்பதை ஒன்றும் விடாமல் விவரிப்பார். முடிவில், "ஒங்களுக்கு அப்படியெல்லாம் ஆவாது" என்று ஆறுதல் சொல்லிவிட்டுக் கிளம்புவார். மூன்று பேர் மூன்று விதமான சகலைகளைப் பற்றிச் சொன்னார்கள். ஒருவரும் உயிரோடு இல்லை.

அவர்களுக்கு நான் சொன்ன பதில்தான் இந்தக் கதையில் நான் செய்த தவறு. பார்க்க வந்தவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லும் பழக்கம் எங்களுக்குக் கிடையாது. சொன்னால் அவர் வேலையைப் போட்டுவிட்டு இன்னொரு தடவை வர வேண்டியிருக்கும். நம்மால் அவருக்கு ஏன் சிரமம்? பெரிதாகச் சொன்னால் பெரிதாகிவிடும் என்ற பயமும் உண்டு. அதனால் எல்லாரிடமும், "ஒண்ணுமில்லங்க, லேசான புண்ணு. ரெண்டு நாள்ல வூட்டுக்கு வந்துடுவாரு" என்றேன். அப்பாவும் ஆமாம் என்று தலையாட்டினார். எங்கள் தெருவில் இருக்கும் பெரியம்மா இரண்டாம் நாள் வந்தபோதும் இதையேதான் சொன்னேன். அவர் சொந்தமில்லை, வயதுக்குப் பெரியம்மா. அவருடைய மகளை மீன்சுருட்டியில் கட்டிக்கொடுத்திருக்கிறது. அந்த மகளின் வீட்டுக்கு எதிர்வீட்டில்தான் என் அத்தை இருக்கிறாள்.

மூன்றாம் நாள் கட்டைப் பிரித்து மருந்து வைக்கும்போது நான் பக்கத்தில் இருந்தேன். நர்ஸ் கையிலிருந்த பஞ்சை வைத்துவிட்டு டாக்டரம்மாவைக் கூப்பிடப் போனார். அவர் வந்து பார்த்துவிட்டு, அப்பாவிடம் இல்லை, என்னிடம், "இன்னும் எத்தனை நாள் யோசிப்பீங்க?" என்று கேட்டார். அவர் போனதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏம்ப்பா, எதுக்காக இப்படிப் பண்றீங்க? ஒரு கையெழுத்துதானே?"

"மயக்க ஊசி போட்டு எந்திரிக்கலன்னா?"

"எல்லாரும் எந்திரிக்கிறாங்கப்பா."

"எந்திரிக்காதவன் வந்து ஒங்கிட்ட சொல்லிட்டுப் போனானா?"

அப்பா சாவதானமாகத் தொடர்ந்தார். "பாக்க வேண்டியவங்களப் பாத்துட்டுப் படுத்துக்கறேன். அப்புறம் எந்திரிச்சாலும் சரி, எந்திரிக்காட்டியும் சரி."

"இன்னும் யாரைப் பாக்கணும்? ஊரே வந்துட்டுப் போயிடுச்சே."

அவர் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். "இப்பல்லாம் மீன்சுருட்டியிலேருந்து வர்றதுன்னா எத்தன பஸ்ஸு மாறணும்?" என்றார்.

மூன்று பஸ் ஏற வேண்டும். ஜெயங்கொண்டத்தில் ஒரு தடவை மாற வேண்டும், அரியலூரில் ஒரு தடவை. அது அவருக்குத் தெரியாததல்ல. அத்தை அவருக்கு ஒரே தங்கை. ஒன்பது வருஷமாக அந்த வீட்டுக்கும் எங்களுக்கும் பேச்சு இல்லை. அதற்குக் காரணம் நான்.

என் மகளுக்குக் காது குத்தியபோது பத்திரிகை அடித்தோம். எங்கள் பக்கத்துப் பத்திரிகையில் சாமி படமும் தேதியும் கால்பங்குதான். மீதி முழுக்கச் சொந்தக்காரர்கள் பெயர். பெரியப்பா சித்தப்பா என்று ஒரு பத்தி, அத்தை மாமா என்று ஒரு பத்தி. எழுதிக்கொடுத்ததை அச்சகத்தில் உட்கார்ந்து சரிபார்த்தது நான். சரிபார்க்கும்போது ஆலையிலிருந்து போன் வந்தது. பேசிக்கொண்டே பார்த்தேன். அத்தையின் பெயர் இருந்தது. அத்தை வீட்டுக்காரர், என் மாமாவின் பெயர் விட்டுப்போயிருந்தது. புருஷன் இருக்கிற பெண்ணின் பெயரைத் தனியாகப் போட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும். அடுத்தவன் வருகிற நேரத்தை நிமிஷக் கணக்காகச் சரிபார்க்கிறவன் நான். பத்திரிகை ஊர் முழுக்கப் போன பிறகுதான் பார்த்தேன். அத்தை விழாவுக்கு வரவில்லை. அதன் பிறகு எதற்கும் வரவில்லை. அப்பா இதற்காக ஒரு நாளும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

"நான் வேணா போன் பண்ணட்டுமாப்பா?" என்றேன்.

"கூப்பிட்டு வந்தா அதுக்குப் பேரு வர்றதா? அவளா வரணும். நீ போன் பண்ணுனன்னு மட்டும் தெரிஞ்சுது, நான் இப்படியே கெளம்பி வூட்டுக்குப் போயிடுவேன்."

அவர் சொன்னதிலும் ஒரு முறை இருந்தது. பேச்சு விட்டுப்போன சொந்தம் கல்யாணத்துக்கு வராது, காதுகுத்துக்கு வராது. ஆனால் சாகக்கிடக்கிறார் என்றால் கூப்பிடாமலே வர வேண்டும்; வந்துவிட்டால் பழசைப் பேசக் கூடாது. இரண்டு பக்கமும் மதிப்புக் குறையாமல் சேர்ந்துகொள்ள இருக்கிற ஒரே வழி அது. ஆனால் லேசான புண்ணுக்கு யாரும் அப்படி வர வேண்டியதில்லை. மீன்சுருட்டிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது லேசான புண்தான். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அப்பா வாசலைப் பார்த்துப் படுத்திருக்க, அதை வெளியே தாழ்ப்பாள் போட்டவன் நான் என்று அப்போதுதான் புரிந்தது. பத்திரிகையோடு சேர்த்து இது இரண்டாவது.

நான்காம் நாள் ஆலையிலிருந்து பெரியம்மாவுக்குப் போன் செய்தேன். அத்தைக்குச் செய்யவில்லை, அப்பாவின் உத்தரவை மீறவில்லை. "பெரியம்மா, நான் அன்னிக்குச் சொன்ன மாதிரி இல்ல. வெரல எடுக்கணும்ங்கறாங்க. அப்பா ஒத்துக்க மாட்டேங்கறாரு. கொஞ்சம் சீரியஸ்தான்" என்றேன். கொஞ்சம் என்று சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பெரியம்மா, "அய்யய்யோ" என்றார். அவர் அய்யய்யோ என்றால் சேதி போய்விடும் என்று எனக்குத் தெரியும். எந்த அளவில் போகும் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

ஐந்தாம் நாள் வழக்கம்போல இரண்டு மணிக்கு வெளியே வந்து பஸ் ஏறினேன். கடைசி வரிசையில் இடம் கிடைத்தது. முன்னால், பெண்கள் உட்காரும் பக்கத்தில், யாரோ ஒரு பெண்ணின் மடியில் பெரிய ரோஜா மாலை ஒன்று இருந்தது. பாலித்தீன் பையில் அடங்காமல் வழிந்துகொண்டிருந்தது. எங்கோ ஒரு சாவு என்று நினைத்துக்கொண்டேன். யாருடையதோ, பாவம் என்றும் நினைத்தேன். பிறகு தூங்கிவிட்டேன். பெரம்பலூரில் கண்டக்டர் தட்டி எழுப்பினார். பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தேன்.

மாடிப்படி பாதி ஏறியபோது மேலேயிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரியில் அழுகை புதிதல்ல. ஆனால் அது மாரடித்து அழுகிற அழுகை. "என்னப் பெத்த அண்ணே" என்று ஒரு பெண் குரல் இழுத்தது. அந்தக் குரலை ஒன்பது வருஷமாக நான் கேட்கவில்லை, இருந்தாலும் தெரிந்தது. மீன்சுருட்டிக் குரல். அத்தை அண்ணே என்று அழுகிறாள் என்றால் எனக்கு யார் போய்விட்டார்கள் என்று கணக்குப் போட வேண்டியதில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. நேற்று போனில் சொன்னது மட்டும் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. என் வாயால்தான் சொன்னேன், பலித்துவிட்டது என்று நினைத்தேன். டீ குடிக்காமல் வந்திருந்தால் முகத்தைப் பார்த்திருக்கலாம் என்றும் நினைத்தேன். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு படியில் உட்கார்ந்தேன். யாரோ என்னைத் தாண்டி இறங்கிப் போனார்கள். பிறகு எழுந்து மீதிப் படிகளை எப்படி ஏறினேன் என்பது தெரியவில்லை.

வார்டுக்குள் எல்லாரும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். அத்தை கூந்தல் அவிழ்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, ஒரு கட்டிலின் கால்மாட்டில் விழுந்து கிடந்தாள். கட்டிலில் தலையோடு போர்த்தியிருந்த உடம்பின் மேல் அந்த ரோஜா மாலை கிடந்தது. போர்வைக்கு வெளியே மாவுக்கட்டு நீட்டிக்கொண்டிருந்தது.

அது லாரி டிரைவர். விழித்துக்கொண்டு பத்து நிமிஷமாவது ஆகியிருக்கும். போர்வைக்குள் அவர் மூச்சை அடக்குவது எனக்கே தெரிந்தது. ஆனால் மாலையும் போட்டு ஒரு பெண்பிள்ளை தன் காலடியில் இவ்வளவு அழும்போது, குறுக்கே எழுந்து உட்கார அந்த மனிதருக்கு மனம் வரவில்லை. அசையாமல் கிடந்தார்.

அடுத்த கட்டிலில் அப்பா உட்கார்ந்திருந்தார். கையில் பாதி கடித்த ரொட்டி. என் மனைவி பிளாஸ்க்கைப் பிடித்தபடி நின்றாள். நான் வாயைத் திறந்தேன். அப்பா ரொட்டி இருந்த கையைத் தூக்கி, பேசாதே என்று சைகை காட்டினார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தாடி நரைக்குள் போய்க்கொண்டிருந்தது.

அத்தை எதையும் விடவில்லை. சின்ன வயதில் கொல்லைக்குப் போகும்போது அண்ணன் தன்னைத் தோளில் தூக்கிப் போனது, தன் கல்யாணத்தன்று அண்ணன் சாப்பிடாமல் மாட்டுக்கொட்டகையில் போய் உட்கார்ந்திருந்தது, முதல் பிரசவத்துக்கு மழையில் வண்டி கட்டிக்கொண்டு வந்தது என்று வரிசையாக அழுதாள். கடைசியில் பத்திரிகைக்கு வந்தாள். "காயிதத்துல பேரு இல்லேன்னு காலமெல்லாம் பகை புடிச்சேனே, அந்தக் காயிதத்துல தீய வெக்க! பேரு இல்லாட்டி என்னண்ணே, நீ இருந்தியேண்ணே!" என்றபோது அவள் குரல் உடைந்துபோய் அதற்கு மேல் வரவில்லை.

அந்த அமைதியில் அப்பா சொன்னார். "பாப்பா, நான் இந்தப் பக்கம் இருக்கேன்."

அத்தை முந்தானையை விலக்கிப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள், ரொட்டியைப் பார்த்தாள். அதற்குள் டிரைவர் போர்வையை மெல்லக் கீழே இறக்கி, கைகூப்பி, "வணக்கங்கம்மா" என்றார். மாலை போட்டவர்களுக்கு வேறு எப்படிப் பதில் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது.

"நீ சாவலியா?" என்றாள் அத்தை.

"இல்ல. வெரலு ரெண்டுதான் போவுதாம்."

நடந்தது இதுதான். பெரியம்மா மகளுக்குப் போன் செய்து, பேச்சு மூச்சு இல்லை என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் அழுதுகொண்டே எதிர்வீட்டுக்கு ஓடியிருக்கிறாள். அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு வருவதைப் பார்த்ததும் அத்தை எதையும் கேட்கவில்லை. எழவு சேதியைத் திருப்பிக் கேட்கக் கூடாது. ஊருக்கு எடுத்துப் போவதற்குள் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று, ஜெயங்கொண்டத்தில் இறங்கி மாலை கட்டி வாங்கிக்கொண்டு நேராக வந்துவிட்டாள்.

அழுகை நின்றதும் அத்தைக்குக் கோபம் வந்தது. அப்பாவின் மேல் காட்ட முடியாததால் என் பக்கம் திரும்பினாள். ஒன்பது வருஷத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. "ஏன்டா தம்பி, பஸ்ஸுல ஒன்னப் பாத்தேன். கடைசி சீட்டுல வாயப் பொளந்துகிட்டுத் தூங்கிட்டு வந்த. அப்பன் செத்தன்னிக்குத் தூங்குறானே, இவனெல்லாம் ஒரு புள்ளயான்னு அரியலூரிலேருந்து திட்டிக்கிட்டே வந்தேன்."

"எழுப்பியிருக்கலாம்ல அத்தை?"

"எப்படி எழுப்புறது? நமக்குள்ளதான் பேச்சு இல்லியே."

அது நியாயம்தான். மாலையை நான் எடுத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரி வாசலில் இருக்கிற பிள்ளையாருக்குப் போட்டேன். திரும்பி வந்தபோது அத்தை அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். இருவரும் ரொட்டி தின்றார்கள். கால் பற்றிப் பேசவில்லை. மீன்சுருட்டியில் மாடு ஈன்றது பற்றியும் கன்று காளையாகப் போய்விட்டது பற்றியும் பேசினார்கள். பழசைப் பேசக் கூடாது என்ற முறை இருப்பதால், அழும்போது பேசியது கணக்கில் வராது என்று இருவரும் வைத்துக்கொண்டார்கள். நடுவில் மாமா போன் செய்தார். அத்தை போனை என்னிடம் கொடுத்தாள். மாமாவிடம் பத்திரிகைக்காக மன்னிப்புக் கேட்டேன். "அட, அத விடு. எம் பேரு எனக்குத் தெரியும்ல" என்றார் மாமா.

ஐந்து மணிக்கு அத்தை கடிகாரத்தைப் பார்த்தாள். அவள் போய்த்தான் பால் கறக்க வேண்டும். அந்த மாடு வேறு யாருக்கும் நிற்காது. அப்பா அதற்குள் காகிதத்தைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, பேனாவின் மூடியையும் திறந்திருந்தார். அத்தை எழுந்தாள், சேலையை உதறினாள், செருப்பை மாட்டினாள், திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

அப்பா வாசலையே பார்த்தார். பிறகு பேனாவை மூடினார்.

"சொல்லாமப் போறா" என்றார்.

எழவு வீட்டிலிருந்து கிளம்பும்போது எங்கள் பக்கத்தில் போயிட்டு வரேன் என்று சொல்லக் கூடாது. சொன்னால் இன்னொரு எழவுக்கு வருகிறேன் என்றாகிவிடும். ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். எழவுக்கு என்று கிளம்பி வந்தவள் அந்த ஞாபகத்திலேயே எழுந்து போயிருக்கிறாள். நான் அதைத்தான் அப்பாவிடம் சொன்னேன். "பழக்கத்துல போயிட்டாங்கப்பா, வேற ஒண்ணுமில்ல" என்றேன். அப்பாவின் முகம் மாறவில்லை. காகிதத்தை மடித்தார். ஒண்ணுமில்ல என்று நான் சொல்வதை அந்த ஐந்து நாளில் அவர் நிறையக் கேட்டுவிட்டார்.

என்னால் உட்கார முடியவில்லை. ஓடிப் போய்க் கூப்பிடலாம். ஆனால் கூப்பிட்டு வந்தால் அது வருவதாகாது. நான் அப்பாவைப் பிடித்து உலுக்கியிருப்பேன். அவ்வளவு ஆத்திரம். காலை விடவும் ஒரு வார்த்தை பெரிதா என்று கத்தலாம் போலிருந்தது. ஒரு பெயர் பெரிதாக இருந்த வீட்டில் அதை நான் எந்த வாயால் கேட்பது? டிரைவர்கூட ரொட்டியைத் தின்னாமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படிக்கும் ஒரு தடவை நின்று வந்த சத்தம். அத்தைக்கு முழங்காலில் நல்ல வலி உண்டு. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் பாதி தூரம் போய்விட்டுத் திரும்பியிருக்கிறாள். உள்ளே வரவில்லை. அங்கேயே நின்று சொன்னாள்.

"போயிட்டு வரேண்ணே."

"போயிட்டு வா பாப்பா" என்றார் அப்பா.

அவள் இறங்கிப் போகிற சத்தம் கேட்கும்வரை காத்திருந்துவிட்டு, காகிதத்தை விரித்துக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே வந்த டாக்டரம்மா, "மூணு எடுக்க வேண்டியதாப் போச்சு. மொத நாளே ஒத்துக்கிட்டிருந்தா ரெண்டோட நின்னுருக்கும்" என்றார். பாதம் தப்பியதற்கு நான் நன்றி சொன்னேன். மயக்கம் தெளிந்ததும் அப்பா, "எத்தன?" என்று கேட்டார். மூன்று என்றேன். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் யோசித்தார்.

"ரெண்டு சக்கரைக்கு" என்றார். "மூணாவது ஒன் பத்திரிகைக்கு."

சிரிப்பதற்காகத்தான் சொன்னார். எனக்குத் தெரிந்தது. நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஒன்பது வருஷமாக அவர் சொல்லாமல் வைத்திருந்தது அந்த ஒரு வார்த்தைதான். அதையும் மயக்கத்தில் இருக்கிறவர்போலச் சொல்லிவிட்டார். திரும்பி வந்தபோது என் கையைப் பிடித்து இழுத்தார். "பாப்பா போன் பண்ணுவா. மூணுன்னுதான் மொத நாளே சொன்னாங்கன்னு சொல்லிடு" என்றார்.

டிரைவர் அன்றைக்கே வேறு கட்டில் கேட்டு வாங்கிக்கொண்டார். அதன் பிறகு தலையோடு போர்த்திக்கொண்டு தூங்குவதை விட்டுவிட்டார். நானும் ஒண்ணுமில்லங்க என்று சொல்வதை விட்டுவிட்டேன். பார்க்க வந்தவர்கள் கேட்டால் மூன்று விரல், எடுக்க வேண்டியது இரண்டு, ஒன்று என்னால் போனது என்று உள்ளதைச் சொன்னேன். இப்படிப் பேசுகிறவனை யாருக்கும் பிடிப்பதில்லை. ரொட்டி வருவது குறைந்தது. அத்தை ஒருத்தியிடம் மட்டும்தான் உள்ளதைச் சொல்லவில்லை. அவள் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை தவிர அச்சில் வருகிற வேறு எதையும் படிக்க மாட்டாள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

விரல் எடுத்த அன்று சாயங்காலம் அத்தை போன் செய்தாள். பால் கறந்துவிட்டுத்தான் செய்திருக்கிறாள். பின்னால் கன்று கத்தியது.

"எத்தன வெரலுடா தம்பி?"

"மூணு அத்தை."

"ரெண்டுன்னுதானே அண்ணன் சொல்லிச்சு?"

"அவருக்குச் சரியா வெளங்கல அத்தை. டாக்டரு மொத நாளே மூணுன்னுதான் சொன்னாங்க."

கன்று மட்டும் கத்திக்கொண்டிருந்தது.

"நான் முன்னாடியே வந்திருந்தா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடியிருந்தார், தூங்கவில்லை.

"அப்பவும் மூணுதான் அத்தை" என்றேன்.